பன்னிரண்டாம் ஆள்

ரேச்சலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் முதல் அதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டபடி அத்தியாயத்தை முடித்ததற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் நியூ லின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தோசையின் நடுவில் ஓட்டை போட்டு, அதற்குள்ளால் தன் அப்பா அன்றூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை. நாலு நாள் சேலைனோடு கிடந்து வந்த பிள்ளை, தோசையை என்னவும் செய்யட்டும்.

அவளுடைய அம்மா ஜனுஷாவுக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை. ஏன் என்று தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு ஆப்பைப் பாவிக்கிற ஆட்களுடன் பேசி, அது அவர்களுக்கு எங்கே உதவுகிறது, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுவது ஜனுஷாவின் உத்தியோகம். ஆபீஸ் மனுகாவில். இந்த முறை கையில் இருந்தது, மாத மருந்தை வீட்டுக்கு வரவழைக்கும் ஒரு ஆப். அதை நடத்தும் கம்பெனி போன் இலக்கம் ஒன்றும் வைத்திருந்தது. கூப்பிட்டால் மனிதர் பதில் சொல்வார். அந்த இலக்கத்தை மூடிவிடலாமா என்பதுதான் கேள்வி. வயது போன தமிழ் ஆட்கள் பன்னிரண்டு பேரிடம் விசாரிப்பது ஜனுஷாவின் பங்கு.

ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர் அவளுடைய அம்மா றோஸ்மேரி. தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. பெயர்ப் பட்டியல் நேரே சக ஊழியன் சரத்திடம் போனது. ரேச்சல் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரத்தில் சரத்தே எல்லாரையும் போனில் பேட்டி எடுத்தான். பெயர்களை நீக்கி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் போட்டு வைத்தான்.

மிச்சத்தை ஏஐ செய்தது. ஆபீஸ் அனுமதித்த ஏஐதான், களவாகப் பாவித்தது இல்லை. பதிவுகளை எழுத்தாக்கி, ஆங்கிலப்படுத்தி, பதினாறு நிமிடத்தில் சுருக்கம் எழுதிக் கொடுத்தது. ஜனுஷா அதை அப்படியே அறிக்கையில் ஏற்றினாள். கடைசிப் பக்கத்தில் ‘பதிவுகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சரி போட்டாள்.

ஒரு பதிவைக்கூடக் கேட்கவில்லை.

பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலியில் நாலு நாள் விழித்திருந்த தாய், பாவம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரி போட்டது போட்டதுதான். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இன்று பதினோரு மணிக்குக் கம்பெனி முடிவெடுக்கப் போகிறது.

“என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றார் றோஸ்மேரி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. புதன் ஓய்வு நாள் என்பதால் பேத்தியைப் பார்க்க வந்து, வழக்கம்போல் அடுப்பைக் கைப்பற்றியிருந்தார். “ரிப்போர்ட் நல்லா வந்திட்டுதெல்லே?”

“வந்தது அம்மா. கிட்டத்தட்ட எல்லாரும் நல்ல ஆப் எண்டுதான் சொல்லியிருக்கினம்.”

“சொல்லாமல் விடுவினமே? நான் ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்துச் சொன்னனானெல்லே. எங்கட பிள்ளையின்ர வேலை, ஆரும் குறை கிறை சொல்லிப் போடாதேங்கோ எண்டு.”

ஜனுஷாவின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை மேசைக்கு இறங்கியது.

“என்ன சொன்னனீங்கள்?”

“ஏன், பிழையே? நீ அங்க பிள்ளையோட ஆஸ்பத்திரியில நிக்கிறாய். சோதினையில ஃபெயில் விடேலுமே? அன்னபாக்கியம் அக்கா கடதாசியில எழுதி வைச்சுப் பாடமாக்கினவா, தெரியுமே!”

அன்றூ சிரிக்கத் தொடங்கினான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைத் தோசையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டான்.

“அம்மா, அது எனக்கு வைக்கிற சோதினை இல்லை! ஆப்புக்கு வைக்கிறது!”

றோஸ்மேரி தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றார். மகளுக்கு நல்லது செய்ததாக ஒரு வாரம் மகிழ்ந்திருந்தவர். “எனக்கென்னடி தெரியும்...” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

“பன்னிரண்டு பேருக்கும் சொன்னனீங்களோ?”

“பதினொரு பேருக்கு.” குழாயைத் திறந்து, கழுவிய கரண்டியையே திரும்பக் கழுவினார். “மற்ற ஆளுக்குச் சொல்லேல்லை. சொன்னாலும் கேக்கிற ஆள் இல்லை.”

அது யார் என்று கேட்க ஜனுஷாவுக்கு நேரம் இருக்கவில்லை. பெயரை மறைத்து எடுத்த பேட்டி, கேட்கவும் கூடாது. லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

*

நியூ லினிலிருந்து மனுகாவுக்கு நடுவில் ஒரு தரம் ரயில் மாற வேண்டும். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேலே. பன்னிரண்டு பதிவையும் கேட்க அது காணாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, ஏழாம் இலக்கத்தை முதலில் திறந்தாள். ஏழாம் இலக்கம் சொன்னதாக ஒரு வரியை அவள் அறிக்கையின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்: ‘இப்போதெல்லாம் எனக்குப் போன் தேவையே இல்லை.’

கேட்டதுமே குரல் தெரிந்துவிட்டது. அன்னபாக்கியம் அன்ரி.

“நல்ல ஆப் தம்பி. மெத்த நல்லம். எல்லாரும் பாவிக்க வேணும்,” என்றார் அன்ரி. மூச்சு விடாமல், பாடமாக்கியபடி.

“எப்படி ஆர்டர் பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா, ஆன்ட்டி?” என்றான் சரத்.

கடதாசி திருப்பும் சத்தம் கேட்டது. “நல்ல ஆப் தம்பி,” என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

பதினான்கு நிமிடம். ஜனுஷா முழுதும் கேட்டாள். வேகத்தைக் கூட்டி இரண்டாம் தரமும் கேட்டாள். ‘போன் தேவையே இல்லை’ என்ற வசனம் எங்கேயும் இல்லை. அப்படி ஒன்றை அன்ரி சொல்லவே இல்லை. மற்றப் பதில்களின் போக்கைப் பார்த்து ஏஐ தானாக ஒரு வசனம் செய்து, அதை அன்ரியின் வாயில் வைத்திருந்தது.

பதினொரு பேர் பாடமாக்கிச் சொன்னார்கள், ஏஐ அதற்கு மேலே பூச்சுப் பூசியது, நான் கையெழுத்துப் போட்டேன் என்று ஜனுஷா நினைத்தாள். இப்போது அவள் சுருக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக, ஆறுதலாக வாசித்தாள். அறிக்கை எழுதிய ஞாயிற்றுக்கிழமையே இப்படி வாசித்திருக்கலாம். கடைசியில், குட்டி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘பன்னிரண்டாம் நபர் தன் தொழில், பயணம் பற்றி விலகிப் பேசினார். மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. கணக்கில் சேர்க்கப்படவில்லை.’

ரயில் மாறி ஏறியதும் பன்னிரண்டைத் திறந்தாள்.

“நீங்க பன்னிரண்டாவது ஆள், சார். உங்க பேர் எங்கயும் வராது,” என்றான் சரத்.

“வந்தாலும் எனக்கொண்டும் இல்லைத் தம்பி,” என்றது அந்தக் குரல்.

ஜனுஷா நிறுத்தினாள்.

அது அவளுடைய அப்பா யோகராஜாவின் குரல். ஐந்து மாதமாக அந்தக் குரலை அவள் கேட்கவில்லை.

மே மாதம் ரேச்சலின் பிறந்தநாளில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த வருசம் பிள்ளையை எப்சம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அந்த வட்டாரத்தில் வீடு இருந்தால்தான் இடம் உறுதி. நண்பர் சதாசிவம் எப்சத்தில் இருக்கிறார், அவர் முகவரியைப் போடு, ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே என்றார். கேக் வெட்ட வந்த அத்தனை பேருக்கும் நடுவில் ஜனுஷா, “நான் பொய் எழுத மாட்டன் அப்பா” என்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். பேத்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட றோஸ்மேரி வழியாகத்தான் நாளுக்கு நாலு தரம் விசாரித்தார்.

அவள் திரும்ப ஓட விட்டாள்.

“தம்பி, என்ர மனிசி பிடிச்சுத் தந்த அந்தப் பதினொரு பேரும் ஆப்பைத் தொட்டதில்லை,” என்றார் அப்பா. “பாஸ்வேர்ட் எல்லாம் என்ர டயறியில கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கார் விடுற இடத்தில நிண்டு நான்தான் ஒவ்வொருத்தருக்கும் பட்டன் அமத்திக் குடுக்கிறனான்.”

“அப்ப உங்களுக்கு ஆப் ஈசியா இருக்கா, சார்?”

“எனக்கு ஈசி. நான் கரண்ட் வேலை செய்யிறவன், பட்டனுக்குப் பயமில்லை. ஆனா ஜூலையில கிரைஸ்ட்சேர்ச்சுக்கு மூண்டு வாரம் வேலைக்குப் போயிட்டன். அப்ப இவை எல்லாரும் அந்தப் போன் நம்பருக்குத்தான் எடுத்தவை. அதில ஒரு அக்காவுக்கு, இரத்தம் உறையாமல் குடிக்கிற குளிசை ஆப்பில ரெண்டு தரம் பதிஞ்சு கிடந்தது. பதிஞ்சது நான்தான். அவசரத்தில ரெண்டு தரம் அமத்திப் போட்டன். ஆப் ஒண்டும் கேக்கேல்லை. போனில பதில் சொல்லுற பிள்ளைதான் ‘என்ன இது’ எண்டு கேட்டது. அந்தப் பிள்ளை இல்லாட்டில், அக்காவுக்கு என்ன நடந்திருக்கும்?”

சரத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

“இத அப்படியே எழுதிக்கலாமா, சார்?”

“எழுதுங்கோ. ரிப்போர்ட் எழுதிறது ஆர்?”

“எங்க ஆபீஸ்ல ஜனுஷான்னு ஒருத்தங்க.”

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“அப்ப சரி,” என்றார் அப்பா. “அவ பொய் எழுத மாட்டா.”

“அவங்கள உங்களுக்குத் தெரியுமா, சார்?”

“கொஞ்சம் தெரியும்.”

ஜனுஷா ரயில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எதிரே இருந்த பெண்மணி ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டு, நாகரிகமாக வேறெங்கோ பார்த்தார்.

*

லக்ஷ்மிப்ரியா அணித் தலைவர். திருச்சிக்காரி. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். பத்து இருபதுக்கு ஜனுஷா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவருடைய குரல் மிகவும் இறங்கியிருந்தது.

“கேக்காமலே டிக் பண்ணிட்டியா?”

“ஓம் பிரியா.”

“பேட்டி குடுத்தவங்களுக்கெல்லாம் உங்கம்மா டியூஷன் எடுத்து அனுப்பிருக்காங்க.”

“ஓம். அம்மாட்ட ஆக்களைக் கேட்டதே என்ர பிழை. அவ பாவம், எனக்கு உதவி எண்டு நினைச்சவா. பன்னிரண்டாம் ஆள் எனக்குச் சொந்தக்காரர். அது இண்டைக்குத்தான் தெரியும். அதையும் எழுதி வைக்கவேணும்.”

லக்ஷ்மிப்ரியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏன்டி, உடம்புக்கு முடியாத குழந்தையை வச்சுட்டு இருக்கேன், நாலு நாள் தள்ளிப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா உனக்கு? நான் என்ன பேயா?”

திட்டுதான். ஆனாலும் ஜனுஷாவுக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஹெதர் என்ற பெண் வந்தார். வரும்போதே நல்ல சந்தோசம். போன் இலக்கம் மாத முடிவோடு நிற்கிறது என்று எல்லா வாடிக்கையாளருக்கும் கடிதம் தயார், மத்தியானம் அனுப்பப் போகிறோம் என்றார். உங்கள் அறிக்கைதான் கை கொடுத்தது என்று நன்றியும் சொன்னார்.

ஜனுஷா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“அந்த அறிக்கையை நான் திருப்பி எடுக்கிறேன்,” என்றாள் ஆங்கிலத்தில். “ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று சரி போட்டது உண்மை இல்லை. ஏஐ தந்ததைக் கேள்வி கேட்காமல் எழுதினேன். முகப்பில் இருக்கும் வசனத்தை யாரும் சொல்லவில்லை. இலக்கத்தை மூட வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்ன ஒரே ஆளை ஏஐ தள்ளி வைத்திருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை.”

பிறகு ஜூலை மாதக் கதையைச் சொன்னாள். குளிசை இரண்டு தரம் பதிந்ததை, ஆப் கேட்காததை, போனில் நின்ற பிள்ளை கேட்டதை.

ஹெதரின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. “அந்தப் பதிவை நான் கேட்கலாமா?”

“இல்லை. குரல் எங்கள் அணிக்கு வெளியே போகாது என்று சொல்லித்தான் பேட்டி எடுத்தோம். அவர் சொன்னதை எழுத்தில் தருகிறேன், எந்த நிமிடத்தில் சொன்னார் என்பதோடு.”

“கேட்காமல் நான் எப்படி நம்புவது?”

ஜனுஷா வாய் திறக்க முதல் லக்ஷ்மிப்ரியா பேசினார். “உங்கள் போன் பிரிவில் ஜூலை மாதக் குறிப்பு இருக்குமே? இரட்டைப் பதிவு என்று தேடச் சொல்லுங்கள்.”

ஹெதர் வெளியே போய் யாருடனோ கதைத்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர் நடப்பதும் நிற்பதும் தெரிந்தது. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் ஜனுஷா மனதுக்குள் வேலையை விட்டு, வீட்டை வாடகைக்கு விட்டு, மாமியாரோடு போய் இருந்துவிட்டு வந்தாள்.

கதவு திறந்தது.

“இரட்டைப் பதிவு ஒன்றல்ல,” என்றார் ஹெதர். “ஜூலையில் மட்டும் ஆறு. அதெல்லாம் போன் பிரிவோடேயே தீர்ந்துபோனதால் எங்கள் மேசைக்கு வரவில்லை.” நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “கடிதத்தை நிற்பாட்டச் சொல்லிவிட்டேன். மத்தியானம் வரைக்கும் நீங்கள் யோசித்துக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

திரும்ப விசாரிக்க ஹெதர் இரண்டு வாரம் தந்தார். புதிய ஆட்கள், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். இலக்கம் அதுவரை அப்படியே இருக்கும். அன்னபாக்கியம் அன்ரி இனியும் போன் எடுக்கலாம்.

ஹெதர் போனதும் லக்ஷ்மிப்ரியா கதவைச் சாத்தினார். “மூணு மாசத்துக்கு உன் ரிப்போர்ட் எல்லாம் என் கண்ணுல பட்டுட்டுதான் வெளிய போகும். நடந்ததையும் எழுதி வைப்பேன். சரியா?”

“சரி.”

“ஏஐ யூஸ் பண்ணாதேன்னு நான் சொல்லல. பன்னெண்டு பேர் பேசினத ஒரே ஆளா டைப் அடிச்சுட்டு உக்கார முடியாது. ஆனா அது யாரைத் தள்ளி வைக்குதோ, அவங்களத்தான் நாம மொதல்ல கேக்கணும்.” லாப்டொப்பை மூடினார். “இப்ப வீட்டுக்குக் கிளம்பு. மூஞ்சியப் பாக்க சகிக்கல.”

லிப்டில் இறங்கும்போது ஜனுஷாவுக்குக் கால் இலேசாக இருந்தது. வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. றோஸ்மேரிக்குப் போன் எடுத்து, “எல்லாம் சரி வந்திட்டுது அம்மா” என்றாள். “எனக்காகத்தான் செய்தனீங்கள், எனக்குத் தெரியும்.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அடுத்த முறை ஆக்கள் வேணுமெண்டால் என்னைக் கேளாதை” என்றார் றோஸ்மேரி.

வீட்டுக்குப் போகிற ரயில் நின்றிருந்தது. ஜனுஷா ஏறவில்லை. அப்பா வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

*

யோகராஜா வீட்டு வாசலில் தான் வேலைக்கு ஓட்டும் வானின் பின்கதவைத் திறந்து வைத்து, வயர்களைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைக் கண்டார். வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“ரேச்சல் எப்பிடி?”

“காய்ச்சல் விட்டிட்டுது அப்பா. தோசை சாப்பிடுறாள்.”

“ம்.”

இன்னும் இரண்டு சுற்று.

“என்ன, வேலை இல்லையோ இண்டைக்கு?”

“வேலையில ஒரு பெரிய பிழை விட்டனான். கேக்காததைக் கேட்டன் எண்டு எழுதிப்போட்டன்.” அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு முன்னால் அல்லவா, கேக்குக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில், நான் பொய் எழுத மாட்டேன் என்று முழங்கினாள். “இண்டைக்குப் போய் எல்லாருக்கும் முன்னால சொல்லித் திருத்திப்போட்டு வாறன்.”

யோகராஜா வயரைப் பார்த்தபடியே கேட்டார். “பிழை எண்டு ஆர் காட்டினது?”

“பன்னிரண்டாம் ஆள்.”

அவருடைய கை நின்றது.

“அந்தாளை உனக்குத் தெரியுமோ?”

“கொஞ்சம் தெரியும்,” என்றாள் ஜனுஷா.

யோகராஜா முகத்தை மறுபக்கம் திருப்பி, தோளில் கிடந்த எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்தார். துடைத்ததில் கன்னம் முழுக்கக் கறுப்பு. அதைக் கண்டு ஜனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. அவரும் சிரித்தார். ஐந்து மாதம், இவ்வளவுதான் என்பதுபோல் இருந்தது.

“முன் சீற்றைப் பார்,” என்றார் மெதுவாக. “எப்சம் பள்ளிக்கூடத்துக் கடிதம். வந்து பத்து நாள். நீதான் உடைக்கவேணும் எண்டு வைச்சிருக்கிறன்.”

“என்ன கடிதம்? நாங்கள் விண்ணப்பம் போடேல்லையே அப்பா?”

“நான் போட்டனான்.”

ஜனுஷா வானின் முன்கதவைத் திறந்தாள். உறை ஒட்டியபடியே கிடந்தது. அதற்கு மேல் விண்ணப்பத்தின் பிரதி ஒன்று, அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில். பிள்ளையின் பெயர் ரேச்சல். பிறந்த தேதி சரி. அடுத்தது வீட்டு முகவரி. அந்தக் கட்டத்தின் மேல் அப்பாவின் வயர் வெட்டும் குறடு கிடந்தது.

நியூ லினா? சதாசிவம் மாமாவின் எப்சம் வீடா?

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கன்னத்தில் கறுப்போடு அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜனுஷா குறட்டைத் தூக்கினாள்.